வண்டிக்கான அரிசி

இரண்டாம் பாட்டு முடிந்து சபை உட்கார்ந்தபோதுதான் தேவகிருபை அந்தப் பானையைப் பார்த்தாள். பீடத்துக்கு முன்னால் போட்டிருந்த நீள மேசையில், பரங்கிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில், கழுத்தில் சுண்ணாம்புச் சிலுவையோடு அது உட்கார்ந்திருந்தது. அன்று அறுப்பின் பண்டிகை. மேசையில் அதைப் போல இருபதுக்கு மேல் பானைகள் இருந்தன, எல்லாம் ஒரே சூளையில் சுட்டவை, எல்லாவற்றிலும் சிலுவை. ஆனால் வாய் விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்த பானை அந்த ஊரில் ஒன்றுதான் உண்டு. இரண்டு வருடமாக அந்தச் சில்லில் விரல் உரசாமல் அவள் அரிசி போட்டதில்லை. நேற்றுச் சாயங்காலம்கூட அந்தப் பானை அவள் வீட்டு அடுக்களை மூலையில்தான் இருந்தது. அதன் கழுத்தில் சிலுவை இருந்ததில்லை.

எட்டு மாத வயிற்றோடு பெண்கள் பக்கத்தில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளுக்கு உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. ஆண்கள் பக்கத்தில், முன்வரிசையில், வெளுத்த சட்டையும் எண்ணெய் தடவி வாரிய தலையுமாக அவள் புருஷன் எலியேசர் உட்கார்ந்திருந்தான். வழக்கமாகப் பின்வரிசையில் தூணுக்கு மறைவாக உட்காருகிறவன். இன்றைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, நடுநடுவே திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. கலியாணமான புதிதில், முதல் தீபாவளிச் சந்தையில், சொல்லாமல் கண்ணாடி வளையல் வாங்கி வந்து நீட்டியபோது இருந்த அதே பெருமை. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மம்சாபுரத்தின் தென்கோடியில் இருந்த அந்தத் தெருவில் முப்பது வீடுகள், ஓலை வேய்ந்த ஒரு கோயில். நிலம் உள்ள குடும்பங்கள் நாலைந்துதான். மற்றவர்கள் கூலிக்குப் போனார்கள். இராஜபாளையத்தில் மில் வந்த பிறகு எலியேசரைப் போல ஏழெட்டுப் பேர் விடிகாலையில் நடந்துபோய், பொழுது சாய்ந்து தலையெல்லாம் பஞ்சோடு திரும்பி வந்தார்கள். இந்தத் தெருக்காரர்கள் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் ஒரு வழக்கத்தை மட்டும் விடுவதில்லை. அடுப்பில் உலை வைத்து, அரிசியை அளந்து முறத்தில் போட்டதும், கழுவுவதற்கு முன்னால் வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி ஆண்டவருக்கென்று சிலுவை போட்டு வைத்த பானையில் போடவேண்டும். மாசக் கடைசியில், கோயிலை நடத்துகிற உபதேசியார் வேதசிரோமணியின் சம்சாரம் கூடையோடு வந்து அந்த அரிசியை வாங்கிப் போவாள். அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் பானையோடு கோயிலுக்கே கொண்டுபோய் வைப்பார்கள். கைப்பிடியின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். அதை வைத்து உபதேசியார் சம்சாரம் ஒவ்வொருத்தியின் விசுவாசத்தையும் எடைபோட்டு வைத்திருந்தாள் என்று பேச்சு உண்டு. தேவகிருபை வீட்டில் பகலில் கம்பங்கூழ்தான், இராத்திரிக்கு மட்டும்தான் சோறு. அந்த ஒரு வேளையில் அவள் கைப்பிடியைக் குறைத்ததே இல்லை.

ஆனால் அவள் இரண்டாவது முறையும் கையை முறத்துக்குள் விடுவாள். ஆண்டவருடைய பானையில் போட்ட பிறகு, தன் பங்குக்கான அரிசியிலிருந்து மூன்று விரலால் அள்ளி, மூலையில் இருந்த இன்னொரு பானையில் போடுவாள். போடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அப்படி மூடவேண்டும் என்று அவள் நினைத்து மூடியதில்லை. கண்ணைத் திறந்துகொண்டு போட்டால் அவளுக்கு அழுகை வந்தது, அதனால்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் அவளுக்கு முதல் பிள்ளைக்கு வலி கண்டது. மருத்துவச்சி மாரியாத்தாள் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, இனி தன்னால் ஆகாது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். ஊரில் கூண்டு வண்டி பால்ச்சாமியிடம் மட்டும்தான் இருந்தது. பால்ச்சாமி கெட்டவன் இல்லை. ஆனால் ஆபத்து என்று ஓடிவந்து வண்டி கட்டச் சொன்னவர்கள், ஆபத்து நீங்கினதும் கூலியை மறந்துபோன கதைகள் அவனிடம் நிறைய இருந்தன. "காசக் கையில வச்சிட்டுப் பேசு எலியேசரு. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்க நான் எங்க போறது?" என்றுவிட்டான். எலியேசர் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒரு வீட்டில் நாலணா, ஒரு வீட்டில் ஓரணா, ஒரு வீட்டில் ஆறுதல். அவன் கூலியைச் சேர்த்துக்கொண்டு வந்து நின்றபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. பால்ச்சாமி உடனே பூட்டினான். மாடுகளை அவன் அடித்து ஓட்டியதைக் குறை சொல்ல முடியாது. பாதி வழிக்கு மேல் போனபின், ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிய ஆரம்பிக்கிற திருப்பத்தில், வயிற்றுக்குள் ஒருமுறை வேகமாக அசைந்தது. அப்புறம் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சேலை கட்டிய நர்ஸ், பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டே, "ஒரு மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா எடுத்திருக்கலாமேம்மா" என்றாள். ஆண் பிள்ளை. தலை நிறைய முடி.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் எலியேசர், "தேவசித்தம்" என்று சொன்னான். வேறு என்ன சொல்லுவான்? வந்தவர்களும் தலையை ஆட்டி, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். பாயில் படுத்துக்கொண்டு அந்த வார்த்தையை எட்டு நாள் கேட்டாள் தேவகிருபை. ஒன்பதாம் நாள் எழுந்து, பக்கத்து வீட்டுக் கருத்தம்மாளோடு சந்தைக்குப் போய், விளிம்பு பெயர்ந்ததால் விலை குறைத்துக் கொடுத்த அந்தப் பானையை வாங்கிவந்தாள்.

எலியேசரிடம் அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் நல்லவன், அதுதான் சங்கடம். கையில் காசு இருந்தால் அவனுக்குக் கை அரிக்கும். மில்லில் கூட வேலை பார்க்கிறவனுக்குக் காய்ச்சல் என்றால் கொடுப்பான், கோயில் கூரை வேயக் கேட்டால் முதல் ஆளாகக் கொடுப்பான், சுந்தரபாண்டியத்தில் இருக்கிற தங்கை கண்ணைக் கசக்கினால் சட்டைப்பையைக் கவிழ்த்துவிடுவான். வீட்டில் இப்படி ஒரு சேமிப்பு இருப்பது தெரிந்தால் அது ஒரு வாரம் தாங்காது. அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. பானையில் ஒரு படி, ஒன்றரைப் படி சேர்ந்ததும், பணியாரம் சுட்டு விற்கிற கருத்தம்மாளிடம் அளந்து கொடுத்துக் காசாக வாங்கிக்கொள்வாள். கோழி முட்டை விற்றதும் அதில் சேரும். காசைப் பழைய சேலைக் கிழிசலில் முடிந்து, அதே பானையின் அடியில் போட்டு, மேலே மறுபடி அரிசியைச் சேர்ப்பாள். பெட்டியை ஆண்பிள்ளை திறப்பான், அடுக்களைப் பானைக்குள் கையை விடமாட்டான் என்பது அவள் கணக்கு. இந்த ஆனியில் அந்த முடிச்சு ஒரு வண்டிக் கூலியைத் தாண்டியபோது அவள் மூன்றாவது மாசம். அன்றைக்குத்தான் அவள் இரண்டு வருடத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். இந்தப் பிள்ளைக்கு வண்டி இருக்கிறது.

இப்போது அந்த வண்டி மேசைமேல் இருந்தது.

உபதேசியாரின் பிரசங்கம் அன்று நீண்டுகொண்டே போயிற்று. முதற்பலன்களைப் பற்றிச் சொன்னார், மழையைப் பற்றிச் சொன்னார். மேசைக்கடியில் கால் கட்டிக் கிடந்த சேவல் ஒன்று நடுவில் கூவியபோது பிள்ளைகள் சிரித்தார்கள். தேவகிருபையால் எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. எழுந்துபோய் அதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று நினைத்தாள். பீடத்துக்கு முன்னால் படைத்த ஒன்றை ஒருத்தி கையால் திரும்ப எடுப்பது அந்தக் கோயிலில் யாரும் கேள்விப்படாத காரியம். அதோடு, என்னவென்று சொல்லுவாள்? ஆண்டவருக்கு ஒரு பிடி போட்ட கையாலேயே எனக்கும் ஒரு பிடி ஒளித்து வைத்தேன் என்றா? உள்ளே பிள்ளை குதிகாலால் விலாவில் உதைத்தது. அவள் அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் மேசையைத் தூக்கி வெளியே வேப்பமரத்தடியில் போட்டார்கள். இனி படைத்தவற்றுக்கு ஏலம்; காசு கோயிலுக்கு. பண்டிகை ஏலத்துக்கு ஊரில் எல்லாச் சாதிக்காரர்களும் வருவார்கள். கோழி சல்லிசாகக் கிடைக்கும் என்பது ஒன்று, வேடிக்கை ஒன்று. பால்ச்சாமியும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். தேவகிருபை கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், கிணற்றடியில் நின்ற புருஷனைப் பிடித்தாள்.

"அந்தப் பானைய எதுக்கு எடுத்துட்டு வந்திய?"

எலியேசர் சிரித்தான். "நீ சொல்லாட்டா எனக்குத் தெரியாதாக்கும்? பிள்ளைக்காவ நீ பொருத்தனையா நேந்து வச்ச பானைதான அது. தெனமும் கண்ண மூடிக்கிட்டு அரிசி போடுறதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நீ விடியக்காலம் குளிக்கப் போயிருந்தப்போ சுண்ணாம்பு கரைச்சு நானே சிலுவ போட்டேன். பிள்ள பொறக்க முந்தியே கொண்டாந்து வச்சிட்டா நல்லதுதான, கிருபை?"

"அது ஆண்டவருக்கு இல்ல. வண்டிக்கு."

"எந்த வண்டிக்கு?"

அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பால்ச்சாமியைப் பார்த்தாள். எலியேசரும் அந்தப் பக்கம் பார்த்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"அடியில காசு கெடக்கு. ரெண்டு வருசமா சேத்தது," என்றாள். பிறகு இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்ததும் வெளியே வந்துவிட்டது. "அன்னைக்கு வந்தவியகிட்டயெல்லாம் தேவசித்தம்னு சொன்னிய. அது தேவசித்தம் இல்லங்க. நம்மகிட்ட வண்டிக்குக் காசு இல்ல. அம்புட்டுத்தான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவன் எதிர்த்துப் பேசியிருப்பான். எலியேசர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை ஆள்காட்டி விரல் நகத்தடியில் சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. வீடு வீடாகப் படியேறிய அந்தச் சாயங்காலத்தை அவனும் மறந்தவன் இல்லை. நினைத்தால் தாங்காது என்றுதான் அந்த ஒற்றை வார்த்தையை அதன்மேல் போட்டு மூடி வைத்திருந்தான்.

அவன் நேரே உபதேசியாரிடம் போனான். வேதசிரோமணி ஏலச் சாமான்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எலியேசர் அவர் காதோடு என்னவோ சொன்னான்; அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார். மனிதர் கடுமையானவர் இல்லை. ஆனால் இருபது வருடமாக அந்தப் பீடத்தில் வைத்ததை வைத்ததாகவே நடத்தி வந்தவர்.

"படைச்சதத் திருப்பிக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல எலியேசர். இன்னைக்கு ஒனக்குக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாவ. ஏலத்துல நீயே எடுத்துக்க. மொத ஆளா ஒன் பானையவே கூப்பிடுதேன்."

எலியேசர் இடுப்பைத் தடவிப் பார்த்தான். நாலணா இருந்தது. மீதியைக் காலையில்தான், பிள்ளைக்கு ஸ்தோத்திரம் என்று கவரில் போட்டுத் தட்டில் வைத்திருந்தான்.

"சுத்தமான குத்தரிசி, ஒன்றரைப் படிக்குக் கொறையாது! ஓரணா!" என்று உபதேசியார் பானையைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டணா" என்றான் எலியேசர்.

கூட்டம் சிரித்தது. தான் படைத்ததைத் தானே ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிடுவது பண்டிகையில் பக்திமான்கள் செய்கிற வேலைதான். அவன் பக்தி ஊருக்குத் தெரிந்ததுதான். "ஏலே, எலியேசரு இன்னைக்குக் கோயிலக் காரைக்கட்டடமா ஆக்காம விடமாட்டான்" என்று யாரோ சொன்னார்கள். அந்த உற்சாகத்தில் பால்ச்சாமியும் கையைத் தூக்கினான்.

"மூணணா!"

"நாலணா" என்றான் எலியேசர். சொல்லிவிட்டுப் பால்ச்சாமியை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சல் பால்ச்சாமிக்குப் புரியவில்லை. புரிய எந்த வழியும் இல்லை.

"நல்ல அரிசிதான். அஞ்சணா வச்சுக்கிடும் உபதேசியாரே!"

எலியேசர் வாயைத் திறந்தான். ஆறணா என்று சொல்லியிருக்கலாம்; யாரும் உடனே கையை நீட்டப் போவதில்லை. ஆனால் இல்லாத காசைக் கோயில் வாசலில் நின்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. ஒருதரம் என்றார் உபதேசியார். அவர் கண் எலியேசர்மேலேயே இருந்தது. இரண்டுதரம் என்றுவிட்டு, வழக்கத்தைவிட நிறைய நேரம் நிறுத்தினார். வேப்பமரத்தில் காக்கைகள் கத்தின. பிறகு வேறு வழியில்லாமல் மூன்றுதரம் என்று பானையை இறக்கி வைத்தார்.

பானை படைத்தவருக்கு, உள்ளே இருப்பது எடுத்தவருக்கு, அதுதான் ஏலத்தின் ஏற்பாடு. பால்ச்சாமி அஞ்சணாவை வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து மேசையில் விரித்து, பானையைக் கவிழ்த்தான். அரிசி சலசலவென்று கொட்டியது. கடைசியில் கிழிந்த நீலச் சேலைத் துணியில் ஒரு முடிச்சு விழுந்து, மேசைப் பலகையில் கனமாகத் தட்டியது.

சிரிப்பு நின்றது. அது என்ன முடிச்சு என்று அங்கே இருந்த ஒரு பெண்ணுக்கும் விளக்கவேண்டியதில்லை. ஒருவர், ஏலத்தில் எடுத்தவனுக்குத்தான் அது சேரும் என்றார். இன்னொருவர், அரிசியைத்தான் ஏலம் விட்டது, காசு காணிக்கைப் பெட்டிக்குப் போகவேண்டும் என்றார். வீட்டுக்காரியிடமே கொடுத்துவிடலாமே என்று கருத்தம்மாள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. உபதேசியார் கண்ணாடியை மறுபடியும் கழற்றிவிட்டார். பால்ச்சாமி முடிச்சைக் கையில் எடுத்து, சூடான எதையோ பிடித்தவன் போல அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

தேவகிருபை வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஆண்கள் விலகினார்கள்.

"அது ஒங்களுக்குச் சேர வேண்டியதுதான் அண்ணாச்சி," என்றாள். "ஒங்க வண்டிக் கூலிதான் அது. போன தடவ கையில இல்ல. அதான் இந்தத் தடவ முந்தியே சேத்து வச்சேன். எடுத்துக்கிடுங்க. நான் கூப்பிடுற அன்னைக்கு மட்டும் செத்த நேரம்கூடத் தாமசிக்காம வந்திரணும்."

பால்ச்சாமியின் முகம் கறுத்துப்போயிற்று. அரிசி மூட்டையை இறுக்கிக் கட்டினான், முடிச்சை மடியில் செருகினான், கூட்டத்தைப் பார்க்காமல் நடந்து போய்விட்டான். "வாரேன்னு ஒரு வார்த்த சொன்னானா பாரு" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். உபதேசியார் அடுத்ததாகச் சேவலைத் தூக்கினார். அதற்கு அன்றைக்கு விலையே ஏறவில்லை.

வீட்டுக்குக் காலிப் பானையை எலியேசர் தூக்கிக்கொண்டு வந்தான். சாயங்காலம் உலை வைத்து, அரிசியை அளந்து முறத்தில் போட்டாள் தேவகிருபை. ஆண்டவருக்கு ஒரு பிடி போட்டாள். பிறகு அவள் கை பழக்கத்தில் மறுபடி முறத்துக்குள் போனது. மூன்று விரலில் அள்ளிய அரிசியைப் போட்டாள். வெறும் பானையில் அது விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த எலியேசர் திரும்பிப் பார்த்தான்.

"இன்னும் எதுக்கு? அதான் அவன்கிட்ட குடுத்தாச்சே."

"போறதுக்குத்தான் குடுத்திருக்கு," என்றாள் அவள். "திரும்பி வரணும்லா."

அவன் எழுந்து அடுக்களைக்குள் வந்தான். முறத்துக்கு முன்னால் குந்தி, தன் பங்கிலிருந்து ஒரு பிடி அள்ளினான். அவனுடைய பிடி பெரிது. அள்ளத் தெரியாமல் பாதி தரையில் சிந்தியது. சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பானையில் போட்டான். போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் தோள் குலுங்கியது. தேவகிருபை உலையைக் கிளறுவது போல அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன் அவன் அழுதிருக்கவேண்டிய அழுகை அது. அதை அவன் தனியாக அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த மூன்று வாரமும் அவள் தெருவின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பால்ச்சாமி அந்தப் பக்கம் வரவில்லை, ஆள்மூலம் ஒரு சொல்லும் அனுப்பவில்லை. கூட்டத்தில் வைத்து மனிதனை அவமானப்படுத்திவிட்டோமோ, அந்தக் கோபத்தில் வராமலே இருந்துவிடுவானோ என்ற பயம் அவளைத் தின்றது. காசு அவன் மடியில். வண்டி அவன் வீட்டில். தன்னிடம் இருப்பதோ சில்லு பெயர்ந்த பானையில் ஆழாக்கு அரிசி. நம்பிக் கொடுத்தது புத்தியா பைத்தியக்காரத்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை. கருத்தம்மாள் மட்டும் ஒருநாள், அவன் இராஜபாளையத்துக்குப் பஞ்சு பாரம் ஏற்றப் போவதையே நிறுத்திவிட்டதாகச் சந்தையில் பேச்சு என்று சொன்னாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. மாட்டுக்கு ஏதாவது சீக்காக இருக்கும் என்றாள்.

வலி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கண்டது. எலியேசர் மில்லில் இருந்தான். ஆள் போய்ச் சொல்லி அவன் வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். மாரியாத்தாள் வந்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், இந்தத் தடவை நேரம் பார்க்கவில்லை. "ஏட்டி கருத்தம்மா, வண்டிக்கு ஓடு" என்றாள். கருத்தம்மாள் மாவுக்கையோடு ஓடினாள்.

தேவகிருபை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன தடவை இந்த இடத்தில் நின்றுதான் அவள் அந்த ஒரு மணி நேரத்தையும் நின்று தீர்த்தாள். அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அது பொங்கி வழிவதற்குள் தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டது. கருத்தம்மாள் அவன் வீடுவரை ஓடவே இல்லை. தெருவைத் தாண்டி, கம்மாய்க்கரை மரத்தடி நிழலில், ஏர்க்காலைத் தாங்குகட்டையில் நிறுத்தி, மாடுகளை அவிழ்க்காமல், பால்ச்சாமி அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். தினமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தானாம்.

வண்டிக்குள் வைக்கோல் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, மேலே சாக்கு விரித்திருந்தது. அவளைத் தூக்கி ஏற்றினார்கள். மாரியாத்தாள் பின்னால் ஏறி அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். பால்ச்சாமி அவள் முகத்தைப் பார்க்காமல், "புடிச்சுக்கிடு தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடுகளைத் தட்டினான்.

மம்சாபுரம் பின்னால் போயிற்று. கம்மாய்க்கரை, பனைகள், வெயில். வலி வந்து பிடிக்கும்போதெல்லாம் அவள் வண்டியின் ஓரத்து முளைக்குச்சியை எட்டிப் பிடித்தாள். மூன்றாம் முறை பிடித்தபோது கையில் துணி தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாள். குச்சியில், மேல்பக்கம், நீலச் சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. அவள் போட்ட முடிச்சு, காசோடு, அவள் போட்டபடியே, அவிழ்க்காமல்.

சக்கரம் ஏறி இறங்க அது ஆடிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு கையால் குச்சியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி கிடந்தாள். பாதை வளைந்தது. பனைகளுக்கு மேலே கோபுரத்தின் உச்சி தெரிய ஆரம்பித்தது. பால்ச்சாமி மாடுகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வேகத்தைக் கூட்டினான். தேவகிருபை உள்ளங்கையை வயிற்றில் இன்னும் அழுத்தி வைத்து, மூச்சை நிறுத்தி, அசைவுக்காகக் காத்திருந்தாள்.